நலம் விசாரிக்கத் தடை

செகந்திராபாத்தை ஒட்டிய ஹப்சிகுடாவில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் என்னைவிட என் முதுகுதான் பிரபலம். வாட்ச்மேனுக்கு என் பெயர் தெரியாது; மூன்றாவது மாடியில் இடுப்பு வலிக்கிற அம்மா என்றால் தெரியும். தள்ளுவண்டியில் கீரை விற்கிற பெண்மணி, வலி குறைந்ததா என்று தெலுங்கில் கேட்டு, நான் பதில் சொல்லி முடித்த பிறகுதான் கட்டை அவிழ்ப்பாள். லிஃப்டில் என்னோடு ஏறிய எவரும் வெயிலைப் பற்றியோ தண்ணீர் வராததைப் பற்றியோ பேசியதாக எனக்கு நினைவே இல்லை.

நகரத்தில் மாதத்துக்கு ஒரு கண்ணாடிக் கட்டடம் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. நாங்கள் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எனக்கு மாதாப்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மற்றவர்கள் எழுதுகிற புரோகிராமில் குற்றம் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். பிறவிக் குணத்துக்குச் சம்பளமும் கிடைக்கிறதே என்பார் என் கணவர். அவர் மல்லாபூரில் பம்பு செட் செய்கிற ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். ஒரே மகள். அப்போது இரண்டாம் வகுப்பு. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ பதில் சொல்வாள். நாங்களும் திருத்தித் திருத்திப் பார்த்து ஓய்ந்துவிட்டோம்.

வலி வந்ததற்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு காரணம்கூட இல்லை என்பதுதான் எனக்கு முதல் எரிச்சல். மாடியிலிருந்து விழுந்தேன், லாரி இடித்தது என்றிருந்தால் ஒரு மரியாதையாவது இருந்திருக்கும். ஆபீஸ் சுமோவில், பின்னால் பக்கவாட்டில் போட்டிருக்கும் பெஞ்சில் குலுங்கிக்கொண்டே போய், ஒரு நாள் காலையில் லேப்டாப் பையோடு கீழே இறங்கினேன். இடுப்பில் யாரோ கொத்தாகப் பிடித்தது போல இருந்தது. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மூன்று வருஷம் ஆனது.

இடையில் நான் பார்க்காத வைத்தியம் இல்லை. ஒரு எலும்பு டாக்டர் அசையாமல் படுக்கச் சொன்னார். ஸ்கேன் எடுத்துப் பார்த்த இன்னொருவர், முதுகெலும்புத் தட்டு கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது, வெட்டிவிடலாம் என்றார். மூன்றாமவர் அதே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இந்த வயதில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும், வீட்டுக்குப் போங்கள் என்றார். செகந்திராபாத்தில் இடுப்பில் எடை கட்டி இழுத்தார்கள். தார்நாகாவில் கேரள எண்ணெய் ஊற்றித் தேய்த்தார்கள். யாரோ சொன்னார்கள் என்று நாட்டுக்கட்டும் போட்டுக்கொண்டேன். அந்த வாடைக்கு சுமோவில் எல்லா ஜன்னலும் திறந்தன. ஒவ்வொன்றும் ஒரு வாரம் கேட்டது. அடுத்த வாரம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

என் கணவர் வாயால் ஆறுதல் சொல்லத் தெரியாதவர். அதற்குப் பதிலாக வீட்டை மாற்றத் தொடங்கினார். நான் குனியவே கூடாது என்பது அவர் எடுத்துக்கொண்ட சபதம். தொழிற்சாலையில் சொல்லி இரும்பில் ஒரு மேடை செய்து வாஷிங் மெஷினை அதன்மேல் ஏற்றினார். அரிசிப் பானை, பருப்பு டப்பாக்கள், குக்கர் எல்லாம் மேல் அலமாரிக்குப் போயின. குளியலறையில் வாளி உட்கார ஒரு பெஞ்சு வந்தது. விளக்குமாற்றுக்கு நீளக் கைப்பிடி. நின்றபடியே விளக்கேற்ற வேண்டும் என்று பூஜை அலமாரியைப் பெயர்த்து உயரத்தில் மாட்டினார்; சாமிக்கே பதவி உயர்வு. வருகிற பெண்களெல்லாம் இதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கட்டினால் இப்படி ஒருவரைக் கட்டியிருக்க வேண்டும் என்று பெருமூச்சு விட்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் செய்த ஏற்பாடுகளில் இரும்பில் இல்லாதது ஒன்று உண்டு. மகளுக்கு ஏதாவது வேண்டுமென்றால் அப்பாவிடம் கேட்க வேண்டும். அம்மாவிடம் கேட்கக் கூடாது, அம்மாவுக்கு முடியாது. இதை அவர் பாசத்தோடுதான் சொன்னார். ஆனால் தினமும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நலம் விசாரிப்பு நடக்கும். அந்த விஷயத்தில் நம் ஜனங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய், எப்படி வந்தது, எங்கே வலிக்கிறது, யார் பார்க்கிறார்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு வராவிட்டால் நமக்குச் சோறு இறங்காது. லோத்குண்டாவிலிருந்து ஒரு தம்பதி தவறாமல் வருவார்கள். நாகர்கோவில்காரர்கள். அந்த அம்மா சர்ச்சில் பாடுகிறவர். எங்களுக்கு நேர் கீழே, இரண்டாவது மாடியில் ஒரு அக்கா. அவர் மாமனார் காலத்திலேயே ரயில்வே பட்டறை வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். அந்த அக்காவின் தமிழில் பாதி உருது இருக்கும். மீதியில் தெலுங்கு இருக்கும்.

வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி என் வலிக்கு ஒரு கதை வடிவம் வந்துவிட்டது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே பெருமூச்சு விட வேண்டும், டாக்டர்களின் குரலை எப்படிச் செய்து காட்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நாட்டுக்கட்டு வாடை வரும் இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். நான் எதையாவது விட்டுவிட்டால் என் கணவர் சமையலறையிலிருந்து எடுத்துக் கொடுப்பார். அவர்கள் கிளம்பிய பிறகு வலி கூடியிருக்கும். நான் அதைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மகளின் பள்ளியில் மாறுவேடப் போட்டி நடந்த நாள் காலையில், நான் எழுந்து வெளியே வந்தபோது கூடத்தில் ஒரு போக்குவரத்துப் போலீஸ் நின்றுகொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை, இடுப்பில் பெல்ட், தொப்பி, வாயில் விசில். சட்டையைத் தைத்தது கீழ் வீட்டு அக்கா. தொப்பிக்கு அட்டை வெட்டியது அப்பா. விசில் வாட்ச்மேனுடையது. ஒரு வாரமாக வேலை நடந்திருக்கிறது. கட்டடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியாது.

"எங்கிட்ட ஏன் பாப்பா சொல்லலை?" என்று கேட்டேன்.

விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "நீக்கு பேக் பெயின் கதா மம்மீ," என்றாள். உனக்குத்தான் முதுகு வலி ஆயிற்றே என்று. அதில் புகார் இல்லை, குறையில்லை. என் கையை இரண்டு தட்டுத் தட்டினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் தட்டுவாளே, அப்படி. பிறகு அப்பாவோடு ஸ்கூட்டரில் போய்விட்டாள்.

இடுப்பு எவ்வளவோ வலித்தும் நான் அழுததில்லை. அன்றைக்கு அழுதேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு எதற்கு அவ்வளவு பொறுமை? மற்ற பிள்ளைகள் அம்மா முந்தானையைப் பிடித்து இழுத்து அது வேண்டும் இது வேண்டும் என்று உயிரை எடுக்கிறார்கள். என் பெண் என்னை ஒரு நோயாளியாகப் பார்த்துக்கொள்கிறாள். எனக்கு என்ன வேண்டும் என்று அந்த நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. அவள் என்னிடம் ஏதாவது கேட்க வேண்டும். கேட்டுப் பிடுங்க வேண்டும்.

மிச்சத் துணியைக் கொடுக்க வந்த அக்கா வாசலில் நின்று, "கைக்கு மா அழுவுறே? நான் தச்சா என்ன, நீ தச்சா என்ன?" என்றார். கைக்கு என்றால் அவர் உருதுவில் ஏன் என்று அர்த்தம். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் இன்னும் கொஞ்சம் அழுதேன்.

வலிக்கென்றே வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டர் செகந்திராபாத்தில் இருப்பதாக ஆபீஸில் ஒருத்தி சொல்லியிருந்தாள். அந்த வாரமே போனோம். நடுத்தர வயதுத் தெலுங்குப் பெண்மணி. அறையில் படுக்க வைக்கிற கட்டில்கூடக் கண்ணில் படவில்லை. என் ஸ்கேன் படங்களை ஒரு புரட்டுப் புரட்டி ஓரமாக வைத்தார். நான் கதையை ஆரம்பித்தேன். நாட்டுக்கட்டு வருவதற்குள் கையை உயர்த்தி நிறுத்தி, மிக நன்றாகச் சொல்கிறீர்கள், இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. என் கணவர் என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தார்.

அடிபட்ட இடம் ஆறிய பிறகும் சில உடம்புகளில் வலி நிற்பதில்லை, காவல் காக்கிற நரம்புகள் பழக்கத்தில் கூவிக்கொண்டே இருக்கும் என்று அவர் விளக்கினார். எனக்கு எங்கள் மொட்டை மாடி நினைவுக்கு வந்தது. தொட்டி நிரம்பினால் கத்த வேண்டிய அலாரம் அங்கே தொட்டி காய்ந்து கிடக்கும்போதும் கத்தும். வாட்ச்மேன் போய்ச் செருப்பால் ஒன்று போடுவார். அதைச் சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டார். உங்கள் அலாரத்தைச் செருப்பால் அடிக்க முடியாது, நயமாகத்தான் அடக்க வேண்டும், முழுக்கப் போய்விடும் என்று வாக்குக் கொடுக்கவும் மாட்டேன் என்றார். அதுவரை பார்த்த அத்தனை பேரும் வாக்குக் கொடுத்தவர்கள். அதனாலேயே இவரை எனக்குப் பிடித்துப்போனது.

வலி உங்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்று கேட்டார். ஸ்கூட்டி ஓட்டுவது, தியேட்டரில் இடைவேளைக்குப் பிறகும் உட்காருவது என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் சொன்னேன்: "என் பொண்ணு எங்கிட்ட எதுவும் கேக்கறதில்லை, டாக்டர்."

அப்படியானால் அதைத்தான் திரும்ப வாங்க வேண்டும், ஆனால் அவளைக் கேள் கேள் என்று நச்சரிக்கக் கூடாது என்றார்.

வைத்தியம் சாதாரணமாக இருந்தது. படுக்கும்போது ஒரு சின்ன மாத்திரை. ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போய், முழங்கால்வரை குனியப் பழகுவது. தெருமுனை வரை நடை. வலி குறைந்த நாளில் கூடுதலாக நடக்கக் கூடாது, கூடிய நாளில் குறைக்கவும் கூடாது. என் கணவருக்கும் வேலை கொடுத்தார். மேலே ஏற்றி வைத்த சாமான்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்க வேண்டும். குனியாத உடம்பு குனியப் பயப்படத்தான் செய்யும் என்றார். மூன்று வருஷம் பார்த்துப் பார்த்துச் செய்த மனிதருக்கு முகம் தொங்கிப்போயிற்று. எழுந்திருக்கும்போது டாக்டர் கடைசியாக ஒன்று சொன்னார். வீட்டிலும் சரி, வெளியிலும் சரி, யாரும் என்னிடம் வலியைப் பற்றிக் கேட்கக் கூடாது. நானும் அவரைத் தவிர யாரிடமும் சொல்லக் கூடாது.

மாத்திரை சுலபம், நடை சுலபம். நலம் விசாரிக்காதே என்று நம்மவர்களிடம் எப்படிச் சொல்வது? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? என் கணவர் பொறியாளர் ஆயிற்றே, தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் வரிசையாகப் போன் போட்டு, தொழிற்சாலையில் அறிவிப்புச் செய்கிற தோரணையில் சொன்னார்: "பெரிய டாக்டரைப் பாத்தோம். இனிமே அவகிட்ட யாரும் உடம்பைப் பத்திக் கேக்கக் கூடாதாம். டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டாங்க." சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் போனில் அவ்வளவுதான் பேசுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்றும் வராதவர்களெல்லாம் வந்தார்கள். ஆப்பிள் வழக்கத்தைவிடச் சிவப்பாக, பெரிதாக இருந்தது. ஒரு குடும்பம் பத்மாராவ் நகர் முருகன் கோயிலில் அர்ச்சனை செய்து விபூதி கொண்டுவந்தது. என்னோடு வேலை பார்த்த ஆம்பூர்ப் பெண், ஊரிலிருந்து வந்த பேரீச்சம்பழத்தை என் கையில் வைத்து மூடினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. உட்கார்ந்தார்கள். என்னைப் பார்த்தார்கள், மின்விசிறியைப் பார்த்தார்கள், மகளை இழுத்துத் தலையைத் தடவினார்கள். அவர்களுக்கும் பேச்சு வரவில்லை. என் கதையைச் சொல்லக் கூடாது என்பதால் எனக்கும் வாய் அடைத்துப்போயிருந்தது. ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு காவிரியில் தண்ணீர் வருகிறதா என்று விசாரித்தார். எனக்கு ஆச்சரியமாகவும் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. எவ்வளவு கட்டுப்பாடான ஜனங்கள் என்று நினைத்தேன்.

கீழ் வீட்டு அக்கா தினமும் காலையில் மேலே வந்து, "நான் ஒண்ணும் கேக்கல மா. சும்மா பாத்துட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்குவார். அதற்கும் நான் ஒன்றும் நினைக்கவில்லை. வெங்காயம் நறுக்கிவிட்டு வருகிறார் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு லோத்குண்டா தம்பதி வந்தார்கள். அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, ஒரு சின்ன ஜெபம் செய்தார். பிறகு குரல் கம்ம, "பிள்ளைய நெனச்சு வெசனப்படாதீங்க. நாங்க இருக்கோம்லா," என்றார்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு பீறிட்டு வந்தது. அவர் பயந்துபோய்க் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். கேட்காதே என்று அவர்களிடம் சொன்னால் என்ன அர்த்தம்? கேட்கக்கூடாத வியாதி என்று அர்த்தம். அதற்கு மேலும் கேட்டுத் தெளிவு பெறலாம் என்றால், கேட்கத்தான் தடை. ஆக இரண்டு வாரமாக லோத்குண்டாவிலிருந்து மல்லாபூர் வரை எனக்கு நாள் குறித்துவிட்டிருந்தார்கள். என் கணவரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர், டாக்டர் சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாராம். அவர் எப்போதும் தலையைக் குனிந்துகொண்டுதான் பேசுவார்!

கீழிருந்து அக்காவையும் கூப்பிட்டு, எனக்குச் சாகிற வியாதி ஒன்றும் இல்லை, பழைய முதுகு வலியேதான் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னேன். சொல்லச் சொல்லச் சிரித்து, அந்த அம்மாவும் சிரித்து, அவர் கணவர் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். "ஹவ் மா, நான் எல்லம்மாளுக்கு வேண்டிக்கிட்டேன், அத நீதான் செய்யணும்," என்றார் அக்கா கோபமாக. அவருடைய ஹவ் என்பது ஆமாம்.

சிரிப்பு அடங்கிய பிறகு யாருக்கும் எழுந்து போக மனசில்லை. என்னைப் பற்றிப் பேசக் கூடாது. வேறு எதைப் பேசுவது? லோத்குண்டாக்காரர் தன் முழங்காலை நீட்டி, ஒரு வருஷமாகப் படியேறினால் உயிர் போகிறது என்றார். அக்கா எழுந்து நின்று வலது கையைத் தூக்கிக் காட்டினார். தோளுக்கு மேலே போகவில்லை. தலை சீவிக்கொள்ளவே முடியாமல் கொண்டையைச் சின்னதாக்கிக்கொண்டாராம். இந்தக் கையோடுதான் என் மகளுக்குப் போலீஸ் சட்டை தைத்திருக்கிறார். ஏன் சொல்லவே இல்லை என்று கேட்டேன்.

"எங்க சொல்றது? உன் வீட்டுக்கு வந்தா உன் வலியே முடிய மாட்டேங்குதே," என்றார்.

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். எல்லோரும் மறுபடியும் சிரித்தோம். மறுவாரம் அவரை அதே டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன்.

அதன் பிறகு வீடு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. முதலில் குக்கர், பிறகு பருப்பு டப்பா. வாஷிங் மெஷின் மேடையைக் கழற்றிய நாளில் என் கணவர் அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற முகத்தோடு மல்லாபூருக்கு எடுத்துப்போனார். கீழ் அலமாரியில் இருந்து முதன்முதலாகக் குக்கரை எடுக்கக் குனிந்தபோது எனக்கு வியர்த்து வழிந்தது. ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாளும் ஒன்றும் ஆகவில்லை. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். என் இடுப்பு அம்மியைவிடப் பிடிவாதம், ஆனாலும் நகர்ந்தது.

தசராவுக்கு வீட்டை நானே ஒட்டடை அடிக்கிறேன் என்று கிளம்பி, நல்ல நாளில் கூடுதலாகச் செய்யாதே என்ற உத்தரவை மீறியதற்குப் பலன் கிடைத்தது. மறுநாள் காலையில் பல் தேய்க்க நிமிர முடியவில்லை. பழைய நாளாக இருந்தால் படுக்கையும் எண்ணெயும் வெந்நீர்ப் பையும் வந்திருக்கும். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பினேன். என் கணவர் வாசலில் நின்றிருந்தார். கேட்கக் கூடாது. வாயில் தண்ணீரை அடக்கி வைத்திருப்பவர் மாதிரிக் கன்னம் உப்ப என்னைப் பார்த்துவிட்டு, பால்கனிக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். சற்று முன்புதான் ஒருமுறை ஊற்றியிருந்தார். எனக்கு அவர்மேல் அவ்வளவு அன்பு வந்தது. வாய்விட்டுச் சொல்லவும் சொன்னேன். அவர் இன்னொரு வாளி ஊற்றினார்.

வலி போகவில்லை. ஆனால் அது தன் பாட்டுக்கு இருக்க, நான் என் பாட்டுக்கு இருக்கலாம் என்றாகியது. ஸ்கூட்டியைத் துடைத்து எடுத்தேன். படத்தில் வில்லன் சாகும் வரை உட்கார்ந்தேன். சுமோவில் முன் சீட்டுக்காக நான் போட்ட சண்டையைப் பார்த்து, பூரண குணம் என்று கூட வருகிறவர்கள் தீர்மானித்தார்கள்.

மகள் மட்டும் மாறவில்லை. பென்சில் சீவ அப்பா, பரீட்சைக்குச் சொல்லிக்கொடுக்க அப்பா, தலை பின்ன அக்கா. தெருவில் நடந்தால் எனக்காக மெதுவாக நடப்பாள். நான் வேகமாக நடந்தால் கவலையோடு நிமிர்ந்து பார்ப்பாள். கீழே ஏதாவது விழுந்தால் நான் குனிவதற்குள் ஓடி வந்து எடுத்துக் கொடுப்பாள். அம்மாவிடம் கேட்காதே என்று சொன்னது நாங்கள்தான். ஆனால் அதைத் திரும்பப் பெற முடியவில்லை. கேள் என்று சொல்லக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்று பார்ப்பேன். ஏதாவது வேண்டுமா என்கிற மாதிரி சும்மா மேஜையைத் துடைப்பேன். "நக்கோ மம்மீ, நேனு சேஸ்தா," என்பாள். வேண்டாம், நானே செய்துகொள்கிறேன் என்று. அக்காவிடமிருந்து பிடித்த நக்கோ அது. ஒவ்வொரு முறையும் எனக்கு அது குத்தும். இடுப்பு சரியாகிப் பெண் கிடைக்காமல் போய்விட்டாளோ என்று பயந்தேன்.

அடுத்த கோடை விடுமுறைக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை. மதியம் பள்ளி விட்டு வந்தவள் கதவைத் தட்டவில்லை, உதைத்தாள். திறந்தால், இரண்டு கையிலும் ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே கிய்யா கிய்யா என்று சத்தம். சாயம் போட்ட கோழிக்குஞ்சுகள். ரோஸ், பச்சை, ஊதா. பள்ளி வாசலில் கூடையில் வைத்து விற்பார்களே, அவை. சிநேகிதியோடு சேர்ந்து வாங்கி, சிநேகிதி வீட்டில் விரட்டிவிட்டதால் எல்லாம் இங்கே வந்திருக்கின்றன.

பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு, வாயில் வந்த மொழியிலெல்லாம் மூச்சு விடாமல் பேசினாள். பால்கனியில் வளர்க்க வேண்டும். பூனை வராமல் அப்பா வலை அடிக்க வேண்டும். பச்சைக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. என் கணவர் மெல்ல, யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். மம்மி பார்த்துக்கொள்வாள் என்று அவள் என்னைக் கை காட்டினாள்.

"மம்மி சூஸ்குண்டுந்தி! அப்பா ஃபாக்டரிக்குப் போயிடுவாரு. மம்மி, நீ மார்னிங் சீக்கிரம் எழுந்து, கீழ குனிஞ்சு, பேப்பர் எல்லாம் மாத்தணும். டெய்லி. ப்ளீஸ் மம்மீ."

குனிந்து என்றாள். அவளுக்குத் தான் சொன்னது தெரியவில்லை. என் கணவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் என் சுடிதாரின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டே ப்ளீஸ் ப்ளீஸ் என்று குதித்தாள். ஊதாக் குஞ்சு பெட்டியிலிருந்து தாவி சோபாவுக்கு அடியில் போயிற்று. இவ்வளவு நாள் காத்திருந்த நாள் வந்துவிட்டது. அவள் கேட்டுவிட்டாள்.

நான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். அடுக்குமாடி வீடு, காலை ஏழு மணிக்கு சுமோ, பால்கனி முழுக்கக் கோழி எச்சம்.

"முடியாது," என்றேன்.

அவள் நம்பாமல் பார்த்தாள். என் கணவர் அவசரமாகக் குறுக்கே வந்து, பழைய பழக்கத்தில், "பாப்பா, அம்மாவுக்கு முதுகு..." என்று ஆரம்பித்தார்.

"முதுகுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை," என்றேன். "என்னால நல்லாக் குனிய முடியும். எனக்குக் கோழி வளர்க்கப் பிடிக்கலை, அவ்வளவுதான்."

வெடித்தாள். நீ மோசமான மம்மி, எல்லோருடைய மம்மியும் விடுவார்கள், உன்னிடம் போய்க் கேட்டேன் பார் என்று தெலுங்கும் இங்கிலீஷும், நாங்கள் அதுவரை அவள் வாயில் கேட்டிராத சுத்தத் தமிழும் கலந்து கத்தினாள். தரையில் காலை உதைத்தாள். உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தியதில் கீழ் வீட்டு அக்கா என்னவோ ஏதோ என்று மாடியேறி வந்துவிட்டார். மல்லாபூரில் அவர் தம்பி வீட்டில் தோட்டம் இருக்கிறது என்று பெட்டியை அவர் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். நான் தரையில் கவிழ்ந்து படுத்து, சோபாவுக்கு அடியில் கையை விட்டு ஊதாக் குஞ்சைப் பிடித்துக் கொடுத்தேன். எழுந்திருக்கும்போது இடுப்பு ஒரு இழு இழுத்தது.

அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. சாப்பிடும்போது தட்டை என் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டாள். என் கையிலிருந்து கரண்டி நழுவிக் கீழே விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எடுத்துக் கொடுக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நானே குனிந்து எடுத்தேன். எனக்கு வந்த சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இருக்கத்தான் பெரும்பாடு பட்டேன்.